துள்ளலும் தளமும்: அடித்துள்ளற் பயிற்சி பற்றிய ஒரு நோக்கு

ஆடற்கலை பற்றித் தமிழில் எழுதப்பட்டவற்றுட் பெரும்பகுதி ஆடலைப் பற்றியதன்று. ஆடலோடு சேர்த்துப் பாடப்பட்ட பாடலைப் பற்றியது. இதற்கு நாமும் விலக்கல்லர். கூத்துக் களரிகளுக்குக் கொப்பியோடு சென்று, பாட்டுக்களை எழுதிக்கொண்டு, அவற்றின் கதையமைதியையும் சமூகக் குறிப்புகளையும் ஆராய்ந்து கட்டுரை எழுதி வந்திருக்கிறோம். ஆடியவரின் கால் நிலத்தை எவ்வாறு விட்டது, எவ்வாறு மீண்டும் நிலத்தை அடைந்தது என்பன எமது ஆய்வுக்குப் புறம்பானவையாகவே இருந்தன. பண்டாரவளைக்கு அண்மையிலுள்ள ஒரு தோட்டத்தில், மாசி மாதத்துக் காமன் கூத்து ஒத்திகையொன்றின்போது இளைஞர் ஒருவர் கேட்ட கேள்வியே எம்மை இக்குறைபாட்டை உணரச் செய்தது.

அவர் மதன் வேடம் ஆடுபவர். பகலில் தோட்டத் தொழிலாளி. முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பின் ஓரமாக நோவு கண்டிருந்தமையால், அன்று ஆடாமல் ஒரு கல்லில் அமர்ந்து கைத்தொலைபேசியில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார். ஐரோப்பிய பலே நடனப் பள்ளியொன்றின் வகுப்பு அது. இளம் ஆடுநர் சிலர் நின்ற இடத்திலேயே சிறிதாகத் துள்ளி, அந்தரத்தில் ஒரு காலோடு மறுகாலை அடித்து, இலை விழுவதுபோல் இறங்கிக்கொண்டிருந்தனர். "சேர், இவுங்க எறங்குறப்ப சத்தமே வரல்ல. நாங்க எறங்குனா சத்தம் வரணும்னு மாஸ்டர் சொல்றாரு. இதுல எது சேர் சரி?" என்று அவர் வினவினார்.

அவ்வேளை எம்மிடம் விடை இருக்கவில்லை. 'இரண்டும் அவரவர் மரபுக்குச் சரியே' என்று கூறித் தப்பித்துக்கொண்டோம். நோவுள்ள காலை நீட்டியபடி அமர்ந்திருந்த ஒருவருக்கு அது விடையாகாது என்பதைப் பின்னரே உணர்ந்தோம். அவ்வினாவுக்கு ஓரளவேனும் பொறுப்புடன் விடைகூற முயல்வதே இக்கட்டுரை.

பலே என்ற சொல் இலங்கை வாசகருக்குப் புதியதன்று. சித்திரசேனவின் 'நள தமயந்தி' (1950), 'கரதிய' (1961) ஆகிய நாட்டிய நாடகங்களையும் நாம் பலே என்றே வழங்கி வந்துள்ளோம். எனினும் ஈண்டு நாம் கருதுவது, ஐரோப்பிய அரசவைகளில் உருப்பெற்று, ஐந்து கால்நிலைகளை அடிப்படையாகக் கொண்டு வளர்ந்த நடனத்தையே. அதிற் காலோடு காலை அடித்துத் துள்ளும் இனத்தைப் பிரெஞ்சு மொழியில் 'பத்ரி' என்பர். அடித்தல் என்பதே அதன் பொருள். தமிழில் இதனை அடித்துள்ளல் எனலாம்.

அடித்துள்ளல் பெரும்பாலும் ஐந்தாம் நிலையிலிருந்து எழும். இரு பாதங்களும் வெளிநோக்கித் திரும்பி, ஒன்றன்முன் ஒன்றாக, முன்பாதத்தின் குதிகால் பின்பாதத்தின் விரல்களை ஒட்டி நிற்பதே ஐந்தாம் நிலை. இத்திருப்பம் பாதத்தை முறுக்குவதால் வருவதன்று. தொடை இடுப்போடு பொருந்தும் மூட்டிலிருந்து வரவேண்டும். நிலையில் நின்றவாறே முழங்கால்களை மடித்து, குதிகால்கள் நிலத்தை விடாதபடி சற்றே தாழ்தல் அடுத்தது. இதனை 'பிளியே' என்பர். எமது அரைமண்டியை அறிந்தவர்க்கு இஃது அயலாகத் தோன்றாது. துள்ளலின் உயரம் இம்மடிப்பிலேயே தீர்மானிக்கப்படுகிறது. குதிகால் நிலத்தை விட்டு முன்னரே எழுந்துவிடின் கெண்டைத்தசையின் விசை குறைந்துவிடும்.

எளிய வடிவத்தில் கால்கள் அந்தரத்தில் இடம் மாறுவதோடு சரி. வலக்கால் முன்னிருக்கத் துள்ளினால் இடக்கால் முன்னிருக்க இறங்குவர், அடி இல்லை. இதன் பெயர் 'ஷாஞ்ச்மான்'. அடுத்தது 'ருவாயால்'. இதில் கால்கள் சிறிது விரிந்து, வலக்கால் முன்னிருந்தபடியே கெண்டைக்கால்கள் ஒன்றோடொன்று அடித்து, மீண்டும் விரிந்து, இடம் மாறி இறங்கும். மூன்றாவதாகப் பயில்வது 'ஆந்த்ரஷா காத்ர்'. முன்னின்ற வலக்கால் பின்னே சென்று அடித்து, மீண்டும் முன்னே வந்து இறங்கும். புறப்பட்ட நிலையும் இறங்கிய நிலையும் ஒன்றே. 'காத்ர்' என்றால் நான்கு. கால்கள் இருமுறைதானே குறுக்கிட்டன, நான்கு எங்ஙனம் வந்தது என்று கேட்கலாம். ஒவ்வொரு குறுக்கீட்டிலும் இரு கால்களும் தொழிற்படுவதால் ஒவ்வொன்றும் இரண்டாக எண்ணப்படுகிறது. இவ்வாறே ஆறு, எட்டு என எண்ணிக்கை ஏறும். இரட்டைப்படை எண்ணுடையவை இரு பாதங்களிலும், ஒற்றைப்படை எண்ணுடையவை ஒரு பாதத்திலும் இறங்குவது வழக்கு.

ஒருவர் 20 சென்றிமீற்றர் உயரம் துள்ளினால் அவர் அந்தரத்தில் இருக்கும் நேரம் ஏறத்தாழ 0.4 செக்கன் மட்டுமே. இது பௌதிக விதி. அரசனுக்கும் தொழிலாளிக்கும் பொது. அந்த 0.4 செக்கனுக்குள் விரித்தல், அடித்தல், மீண்டும் விரித்தல், மூடுதல் ஆகிய யாவும் நிகழ்ந்துவிட வேண்டும். ஆகவே அந்தரத்தில் சிந்திக்க நேரமில்லை. தொடக்க மாணவர் பொதுவாக விடும் பிழை, அடிப்பதையே எண்ணி விரிப்பதை மறந்துவிடுதல். விரியாத கால் அடிக்காது, உரசும். இன்னொரு பிழை, முழங்காலுக்குக் கீழ்ப்பட்ட பகுதியை மட்டும் அசைத்துப் பாதங்களைத் தட்டுதல். அடி தொடையின் மேற்பகுதியிலிருந்து புறப்பட்டு, நீட்டிய முழு காலாலும் நிகழவேண்டும். ஒன்றையொன்று சந்திப்பன கெண்டைக்கால்கள், பாதங்களல்ல. மேலுடலில் இவற்றின் சுவடே தெரியலாகாது. தோள் ஏறினால், கழுத்து விறைத்தால், கால் செய்யவேண்டிய வேலையைத் தோள் செய்ய முயல்கிறதென்று ஆசிரியர் அறிந்துகொள்வார்.

இறங்குதலே எமது வினாவோடு நேரடியாகத் தொடர்புடையது. விரல் நுனி, விரலடி மேடு, குதிகால் என்ற ஒழுங்கில் பாதம் நிலத்தில் 'உருண்டு' இறங்க, முழங்கால் பாதவிரல்களின் திசையிலேயே மடிந்து எடையை வாங்கிக்கொள்கிறது. அந்த மடிப்பே அடுத்த துள்ளலின் தொடக்கமுமாகும். ஓசையின்றி இறங்குதல் அழகுக்காக மட்டும் வற்புறுத்தப்படுவதன்று. ஓசை எழுந்தால் எடையைத் தசை வாங்கவில்லை, எலும்பு வாங்கியது என்று பொருள்.

இவற்றைக் கற்பதற்கு மாணவர் முதலில் துள்ளுவதேயில்லை. சுவரோடு பொருத்திய மரச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை நிலத்தோடு வழுக்கி நீட்டி மூடும் பயிற்சியை மாதக்கணக்கிற் செய்கின்றனர். பின்னர் நீட்டிய கால் நிலத்தைச் சற்றே விட்டு மீளும். பின்னர் ஒரு பாதம் மறுகாலின் கணுக்காலருகே முன்னும் பின்னுமாக விரைந்து அடித்துப் பழகும். பின்னர் சட்டத்தை இரு கைகளாலும் பற்றி, எடையிற் பாதியைக் கைகளில் ஏற்றித் துள்ளிப் பார்ப்பர். நடுத்தளத்துக்கு வந்து உதவியின்றித் துள்ளுவது இவையெல்லாம் முடிந்த பின்னரே. அந்த 0.4 செக்கனுக்குப் பின்னால் இத்தனை நாட்களின் உழைப்பு சேமிக்கப்பட்டிருக்கிறது. மார்க்ஸ் பண்டத்தினுள் உறைந்திருக்கும் உழைப்பு நேரத்தைப் பற்றிப் பேசினார். நுட்பம் என்பதையும் உடலினுள் உறைந்த நேரம் என நாம் விளங்கிக்கொள்ளலாம். அவ்வாறு விளங்கிக்கொண்டால் அடுத்த வினா தானே எழும்: அந்த நேரம் யாருக்குக் கிடைத்தது?

பிரான்சின் பதினான்காம் லூயி 1661இல் நடனத்துக்கென அரச கழகமொன்றை நிறுவினான். நிலமானியப் பிரபுக்களை அரசவைக்குள் அடக்கி வைப்பதற்கு அவன் கையாண்ட கருவிகளுள் நடனமும் ஒன்று. யார் எப்படி நிற்பது, எப்படி வணங்குவது, பாதத்தை எப்படித் திருப்புவது என்பன அதிகாரத்தின் இலக்கணமாயின. 1700இல் பெய்யே என்பார் அடிகளைக் குறியீடுகளால் தாளில் எழுதும் முறையொன்றை வெளியிட்டார். காலின் அசைவு ஏட்டில் ஏறியது. மாஸ்டர் இறந்தாலும் அடி இறவாது என்ற நிலைமை அங்கு அப்போதே தோன்றிவிட்டமை மனங்கொள்ளத்தக்கது.

1726இல் பரிஸ் அரங்கில் தோன்றிய மரீ கமார்கோ, அதுவரை ஆண்களின் வித்தையாகக் கருதப்பட்ட ஆந்த்ரஷா காத்ரை ஆடிய முதற் பெண்ணெனப் போற்றப்படுகிறார். அடியைப் பார்வையாளர் காணவேண்டுமென்று அவர் பாவாடையைச் சிறிது குறைத்தாரென்பர். அரங்கு அரசவையிலிருந்து நுழைவுச்சீட்டு வாங்கிய நகரத்தாரிடம் சென்றுகொண்டிருந்த காலம் அது. கட்டணம் செலுத்தியவன் காலைக் காண விரும்பினான்.

எனினும் எமக்கு இதனினும் முக்கியமானது பின்னர் நடந்தது. 1917இன் புரட்சிக்குப் பின்னர், அரசவை நடனத்தைப் பாட்டாளி வர்க்க அரசு ஏன் பேணவேண்டும் என்ற வினா ரஷ்யாவிற் கடுமையாக எழுந்தது. பொருள் நெருக்கடியின் மத்தியில் மொஸ்கோவின் பெரிய அரங்கை மூடிவிடலாமென்றுகூட 1920களின் தொடக்கத்தில் ஆலோசிக்கப்பட்டது. கல்வித்துறைப் பொறுப்பாளரான லுனச்சார்ஸ்கி அதனை எதிர்த்து நின்றார். லெனின்கிராட்டில் அக்ரிப்பினா வகனோவா பழைய நுட்பத்தைத் தூக்கியெறியாமல் அதனைப் படிமுறைப்படுத்தி, 1934இல் பாடநூலாக வெளியிட்டார். நுட்பம் எந்த வர்க்கத்தின் மாளிகையிற் பிறந்ததென்பதால் அது அவ்வர்க்கத்தின் நிரந்தரச் சொத்தாகிவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. அதே வேளை, நுட்பத்தை இடம்மாற்றுவதற்கு ஒரு பள்ளியும், ஒரு தளமும், ஆசிரியருக்குச் சம்பளமும் வேண்டியிருந்தன என்பதையும் மறந்துவிடலாகாது.

பலேயிலிருந்து எமது மரபுக்கு ஒரு நேர்வழியும் உண்டு. ருக்மிணிதேவி முதலிற் பயின்றது பலேயே. ரஷ்ய ஆடுநர் அன்னா பாவ்லோவாவின் குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம் அவர் பாடம் கேட்டார். சொந்த நாட்டின் ஆடலைத் தேடுமாறு தூண்டியவர் பாவ்லோவா. பின்னர் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்று 1935இல் அடையாற்றில் அரங்கேறிய அவர், 1936இற் கலாக்ஷேத்திரத்தை நிறுவினார். தேவதாசியரின் வீடுகளிலும் நட்டுவனாரின் திண்ணைகளிலும் வாழ்ந்த சதிர், வகுப்பறைக்குள் நுழைந்து வரிசைப்படுத்தப்பட்ட பாடமாயிற்று. இழந்தவர் யார், பெற்றவர் யார் என்ற வினாவைப் பிறர் விரிவாக எழுப்பியுள்ளனர். ஈண்டு எமக்கு வேண்டியது ஓர் அடவு மட்டுமே.

அது குதித்து மெட்டடவு. அரைமண்டியில் நின்று, 'தெய் ஹத் தெய் ஹி' என்ற சொற்கட்டுக்குப் பயிலப்படுவது. 'தெய்' என்றதும் சிறிதாகக் குதித்து விரல் முனைகளில் இறங்குவர்; 'ஹத்' என்றதும் குதிகால்கள் நிலத்தை அறையும். சலங்கை ஒலிப்பது பெரிதும் இந்த இரண்டாம் நிகழ்ச்சியில். குதித்தவர் இறங்கியது ஒரு கணம். ஓசை எழுப்பியது அடுத்த கணம். முதலில் எடை நிலத்தை அடைந்து அடங்கிவிட்டது. அதன்பின், அடங்கிய உடலிலிருந்து குதிகால் தன் விருப்பத்தால் அடித்தது. ஆகவே ஓசை எடையாலெழுந்ததன்று, அடியால் எழுந்தது.

இளைஞரின் வினாவுக்கான விடையின் முதற்பாதி இங்கே கிடைக்கிறது. பலே ஆடுநர் அந்தரத்தில் காலைக் காலோடு அடிக்கிறார். அந்த அடி கண்ணுக்குரியது, காதுக்கன்று. எமது ஆடலில் அடி நிலத்தின்மீது விழுகிறது, அது காதுக்குரியது. ஆனால் இறங்குதல் என்ற செயல் இரண்டிலும் ஒன்றே. இரண்டிலும் முழங்கால் மடிய வேண்டும். இரண்டிலும் பாதத்தின் முற்பகுதியே முதலில் நிலத்தைச் சந்திக்கவேண்டும். மாஸ்டர் கேட்ட சத்தத்தை இளைஞர் தம் எடை முழுவதையும் குதிகாலிற் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். சத்தம் வந்தது, நோவும் வந்தது.

இதனை நாம் நூலறிவால் ஊகித்தோமேயன்றிக் கண்ணாற் காணவில்லை. ஆகவே மீண்டும் தோட்டத்துக்குச் சென்றோம்.

காமன் கூத்து பற்றி இவ்விதழின் வாசகர் ஓரளவு அறிவர். மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் நாள் கம்பம் ஊன்றித் தொடங்கி, பௌர்ணமியை ஒட்டி விடிய விடிய ஆடி, சிவனின் நெற்றிக்கண்ணால் மதன் எரிவதும் ரதி புலம்புவதும் பின்னர் அவன் உயிர்ப்பதுமாக முடிவது. ரதியும் மதனும் லயத்துக்கு லயம் சென்று ஆடுவர். ரதியாக ஆடுபவரும் மரபில் ஆணே. பெருந்தோட்டத்துக்கு ஆள்திரட்டப்பட்ட தமிழக மாவட்டங்களிலிருந்து மக்களோடு வந்த கூத்து இது. உவாவில் வடகீழ்ப் பருவமழை ஓய்ந்து, காமன் பொட்டலின் மண் இறுகியும் இறுகாமலும் இருக்கும் காலத்தில் இது நிகழ்கிறது.

உழைப்பின் லயத்திலிருந்தே கலையின் லயம் பிறந்தது என்ற கருத்தை 1896இல் கார்ல் பூகர் முன்வைத்தார். எமது பேராசான்கள் கைலாசபதிக்கும் சிவத்தம்பிக்கும் ஆய்வு வழிகாட்டியாக விளங்கிய ஜோர்ஜ் தொம்சன் அதனை மார்க்சிய நோக்கில் வளர்த்தெடுத்தார். அக்கருத்தை மனதிற் கொண்டு, கொழுந்து பறிப்பவரின் கால்களிலிருந்தே காமன் கூத்தின் துள்ளல் பிறந்ததென்று எழுதிவிடும் ஆசை எமக்கும் இருந்தது. அது பிழை. இக்கூத்து மலைக்கு வருமுன்பே அத்துள்ளலைக் கொண்டிருந்தது. அன்றியும் கொழுந்து பறித்தலிற் கூட்டு லயமென ஒன்றில்லை. ஒவ்வொருவரும் தத்தம் நிறைக்காகத் தனித்தனியே விரைகின்றனர். நிறை குறைந்தால் அரைப்பேர். லயம் என்ற சொல் தோட்டத்தில் வீட்டைக் குறிக்குமேயன்றித் தாளத்தைக் குறிப்பதில்லை என்பதையும் போகிற போக்கிற் சொல்லிவைக்கலாம்.

எனினும், கற்பிக்கும் மொழியில் மலை புகுந்துவிட்டது. மாஸ்டர் எமக்காக ஆடிக்காட்டினார். அறுபதைக் கடந்தவர். தப்பு முழங்க, சிறிதாகத் துள்ளினார், முன்பாதத்தில் இறங்கினார், முழங்கால் இளகியது, அதன் பின்னரே, தப்பின் கனத்த அடியோடு சேர்ந்து, குதிகால் விழுந்தது. சலங்கை ஒருமித்து ஒலித்தது. குதித்து மெட்டடவின் அதே தருக்கம். பின்னர் நோவுகண்ட இளைஞரை நோக்கி, "தம்பி, நீ தொப்புன்னு விழுற. மலயில கூடயோட எறங்குறப்ப எப்புடி எறங்குவாங்க உங்கம்மா? முழங்கால பூட்டிக்கிட்டா எறங்குவாங்க? அந்த மாரி எறங்கு. எறங்கிட்டு அப்புறமா அடி" என்றார்.

முழங்காலைப் பூட்டாதே, இறங்கிவிட்டு அடி. வகனோவாவின் பாடநூலிற் பல பக்கங்களில் விரியும் விடயம் இவ்விரு தொடர்களில் அடங்கிவிட்டது. நாற்பது ஆண்டுகளாக ஆடிவரும் அவர் இதனை இளைஞருக்கு ஏன் முன்னரே சொல்லவில்லை என்று கேட்டோம். முன்னெல்லாம் சொல்லவேண்டிய தேவை இருக்கவில்லை என்றார். சிறுவயதிலிருந்தே பொட்டலில் நின்று பார்த்துப் பார்த்துக் கால் தானே கற்றுக்கொண்டது. இப்போது இளைஞர்களில் அனேகர் வேலைக்குக் கொழும்புக்குப் போய்விட்டு மாசியில் திரும்புகிறார்கள். பதினைந்து நாட்களுக்குள் எல்லாம் பழகவேண்டியிருக்கிறது. அத்துடன் ஒத்திகை இப்போது பொட்டலில் நடப்பதில்லை. மின்விளக்கு இருப்பதால் மண்டபத்தின் சீமெந்துத் தரையில் நடக்கிறது. "மண்ணு வாங்கிக்கும் சேர். சீமெந்து அப்புடியே திருப்பிக் குடுத்துரும்" என்றார். பலே ஆடுநர் அடியில் இடைவெளி விட்டு அமைத்த, சற்றே இசைந்து கொடுக்கும் மரத்தளத்தையே விரும்புவது இக்காரணம் பற்றியே. கடினத் தரையில் மீண்டும் மீண்டும் துள்ளுவது முன்னெலும்பு நோவுக்குக் காரணங்களுள் ஒன்று என்பது மருத்துவரும் உடன்படும் விடயம். இளைஞரை வைத்தியசாலைக்குச் சென்று காட்டுமாறு வற்புறுத்தினோம், சென்றார்.

தளத்தைப் பற்றிப் பேசுகையில் பண்டாரவளையின் வரலாற்றை நினையாதிருக்க முடியவில்லை. 1894இல் புகையிரதம் இங்கு வந்தடைந்தது. துரைமாருக்கு விடுதிகளும் கிளப்புகளும் எழுந்தன. நடனமாடுவதற்குப் பலகைத் தளங்கள் இருந்தன. அத்தளங்களுக்குக் கூலி ஈட்டிக்கொடுத்தவரின் ஆடலுக்கு மலைச்சரிவிற் கிடைத்த ஒரு துண்டு சமநிலமே தளம். அதுவும் அவர்களுக்குச் சொந்தமில்லை.

நேரமும் அவ்வாறே. விடியற்காலையிற் பிரட்டுக்கு ஆளழைப்பதற்கு முழங்கியது தப்பு. மாசி இரவில் மதனை ஆடவைப்பதும் அதே தப்பு. வேலைக்கும் ஆடலுக்கும் ஒரே தோற்கருவி குரல் கொடுத்த சமூகம் இது. இரவு முழுதும் ஆடிய கால் விடிந்ததும் மலை ஏறியது. அக்கருவியை நெருப்பிற் காய்ச்சி முறுக்கேற்றி அடித்தவர்களை, அவர்களது சாதியைக் காரணங்காட்டி, அதே தோட்டத்திலேயே தள்ளிவைத்ததையும் நாம் மறைத்தலாகாது. வர்க்கத்தைப் பேசிச் சாதியைப் பேசாது விடுதல் எம்மவரிடையே உள்ள பழைய நோய். தாளத்தின் முழு அறிவும் அவர்களிடமே இருந்தது. ஆடுபவர் காலைத் திருத்தியதும் பெரும்பாலும் அவர்களது குச்சியே.

மட்டக்களப்பின் நிலை சற்று வேறு. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் 'கர்ணன் போர்' (1962), 'இராவணேசன்' (1964) முதலியவற்றை மேடையேற்றியபோது, அண்ணாவிமார் பல்கலைக்கழகத்துக்கு அழைக்கப்பட்டனர். மாணவரின் கால்கள் அவர்களிடம் பயின்றன. கலாநிதி சி. மௌனகுருவின் 'மட்டக்களப்பு மரபுவழி நாடகங்கள்' (1998) என்ற நூல் அவ்வாட்டங்களைப் பேணியது. குத்துமிதி, நாலடி, வீசாணம், பொடியடி என்று அங்கு அடிகளுக்குப் பெயருண்டு. பெயருள்ள அடியைத் திருத்தலாம். 'உன் நாலடி பிழை' என்று சொல்லலாம். பெயரற்ற அடியை 'சரியில்லை' என்று மட்டுமே சொல்லமுடியும். நாம் சென்ற தோட்டத்தில், மாஸ்டர் அடிகளைத் தப்பின் ஒலியை வாயாற் சொல்லியும் ஆடிக்காட்டியுமே கற்பிக்கிறார். பெயர் எதுவும் எமக்குக் கிடைக்கவில்லை.

மலையக மக்களின் பாடல்களுக்கு இந்த நற்பேறு ஓரளவு கிட்டியது. ஸி. வி. வேலுப்பிள்ளை அவற்றைத் தேடித் தொகுத்தார். எமது மாஸ்டரிடமும் பாட்டுக்கொப்பி ஒன்றுண்டு. அவருடைய ஆசான், 1964ஆம் ஆண்டின் ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்படுமுன் கையளித்துச் சென்றது. ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியா ஏற்பதென இரு பிரதமர்கள் கையொப்பமிட்டனர். எத்தனை மாஸ்டர்கள், எத்தனை தப்புக்காரர்கள் அக்கணக்கில் அடங்கினர் என்பதை எவரும் எண்ணவில்லை. பாட்டு கொப்பியில் தங்கிவிட்டது. கால் கப்பலேறியது.

இந்நிலையிற் செய்யவேண்டியது யாது? இக்கூத்தைப் பரதத்தின் அடவு வரிசைக்குள் மடித்துச் சேர்த்துவிடலாமென்று நண்பர் ஒருவர் கூறினார். மலையகப் பாடசாலைகளில் நடனம் என்றாலே பரதம் என்றிருக்கும் சூழலில் அது எளிய வழியாகத் தோன்றலாம். நாம் உடன்படவில்லை. குதித்து மெட்டடவின் தருக்கம் மாஸ்டரின் காலில் உண்டென்பது உண்மை. ஆனால் அரைமண்டியின் அகலமும் கணக்கிட்ட சமச்சீரும் அங்கில்லை. சரிவில் நின்று பழகிய கால் ஒருபுறமாகச் சாய்ந்தே எழுகிறது. அந்தச் சாய்வைத் திருத்திவிட்டால் அஃது அக்கூத்தாக இராது. மறுபுறம், 'மக்கள் கலைக்கு நுட்பம் வேண்டாம், உணர்ச்சியே போதும்' என்று கூறும் இரசிகரும் உளர். அவர்களது முழங்கால்கள் நோவதில்லை.

எமக்குத் தோன்றிய வழி சிறியது. பாட்டுக்கொப்பியைப் போலக் கால்கொப்பி ஒன்றை மாஸ்டரிடமிருந்தே எழுதிக்கொள்வது. பலேயின் படிமுறையிலிருந்து இரவல் வாங்கக்கூடியது ஒன்றுண்டு. அது அடியன்று, அடிக்கு முந்திய பயிற்சி. நோவு தணிந்து வந்த இளைஞர், மாஸ்டரின் சம்மதத்தோடு, பொட்டலின் ஓரத்துக் கொய்யாமரக் கிளையை இரு கைகளாலும் பற்றி, எடையிற் பாதியைக் கிளைக்குக் கொடுத்து, துள்ளி, முன்பாதத்தில் இறங்கி, ஒரு கணம் தாமதித்து, பின்னர் குதிகாலை அடித்துப் பழகினார். ஒத்திகையும் மண்ணுக்கே திரும்பியது. மண்டபத்திலிருந்து நீண்டதொரு கம்பி இழுத்து ஒரு மின்குமிழைத் தொங்கவிட்டார்கள். கிளை அசைந்து பிஞ்சுகள் உதிர்ந்ததற்கு மரத்துக்குரிய பாட்டி ஏசியதும் உண்டு.

நாம் ஒவ்வோர் அடியையும் இரு நிரல்களாக எழுதினோம். இடப்புறம் பாட்டின் சொல். வலப்புறம் கால்: எழுதல், முன்பாதம், மடிப்பு, குதிகால். மூன்று இரவுகளின் முடிவில் கொப்பியை மாஸ்டரிடம் கொடுத்தோம். அவர் அதனை விளக்கடியிற் பிடித்து, எழுத்தெழுத்தாக நெடுநேரம் பார்த்தார். "எல்லாஞ் சரி சேர். இதுல தப்பு எங்க?" என்றார். பிழை எங்கே என்று கேட்கிறாரென எண்ணி, பிழையில்லாமல் எழுதவே முயன்றோம் என்றோம். அவர் சிரித்து, பக்கத்திலிருந்த தோற்கருவியை விரலால் ஒரு தட்டுத் தட்டிக் காட்டினார். இரு நிரல்களுக்கும் நடுவே கோடு கிழித்து மூன்றாவதொன்று சேர்த்தோம். தப்புக்காரரை அழைத்து அருகில் அமரச்செய்து, முதற் பக்கத்திலிருந்து மீண்டும் எழுதத் தொடங்கினோம்.